ஸ்கூப்பர் தாங்கிய அப்பா

ஸ்கூப்பர் தாங்கிய அப்பா, அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பிறகு சென்னையில் தோன்றிய ஒரு வகை மனிதர். ஒரு கையில் நாயின் வார், மறு கையில் நாயின் மலத்தை அள்ளும் ஸ்கூப்பர் என்ற முக்கால் மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் கோல், கோலின் நுனியில் திறந்து மூடும் இரண்டு தகடுகள், முழங்கால் வரை தொங்கும் அரைக்கால் சட்டை, மகன் போட்டுப் பழசான ஷூ ஆகியவை இவருடைய புற அடையாளங்கள். பெசன்ட் நகர், அண்ணா நகர், வேளச்சேரி, பழைய மாமல்லபுரம் சாலையின் இரு மருங்கு ஆகிய இடங்களில் காலை ஐந்தரை முதல் ஏழு வரையிலும், இரவு தொலைக்காட்சித் தொடர்கள் முடிந்த பிறகும் இவரைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தென்படுவது குறையும். அந்நாட்களில் நாய் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லப்படுகிறது. மழை விட்டதும் துணி உலர்த்தப் போகிறவர்களுக்கு அது தெரியவரும்.

நாயை வாங்கியவர் இவர் அல்லர். வாங்கியது மகனோ மகளோதான். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா, எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்ற உறுதிமொழியுடன் குட்டி வீட்டுக்குள் வரும். ஓர் ஆண்டுக்குள் உறுதி கூறியவருக்குப் பெங்களூரில் வேலையோ டெக்சாஸில் மேற்படிப்போ கிடைத்துவிடும். அதற்குள் குட்டி 30 கிலோ எடையுள்ள லாப்ரடாராக வளர்ந்திருக்கும். அதற்கு ப்ரூனோ என்று பெயரும் வைத்தாகிவிட்டது, திருப்பிக் கொடுக்க வழியில்லை. இவ்வாறு நாய் தந்தைக்குச் சேரும் பரம்பரைச் சொத்தாகிறது. பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு இறங்கும் சொத்து இது ஒன்றே.

அப்பா பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மின்வாரியப் பொறியாளர், அல்லது அரசுத் துறை ஒன்றில் கையெழுத்துப் போட்டே 35 ஆண்டுகளைக் கழித்தவர். அலுவலகத்தில் தண்ணீர் டம்ளரை நகர்த்தக்கூட மணி அடித்து ஆள் கூப்பிட்டவர். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்ததாக வரலாறு இல்லை. பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு நாளும் கால் கழுவிவிட்டதில்லை என்பதை அவருடைய மனைவி, கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லி வருகிறார். அத்தகையவர் அறுபது வயதுக்கு மேல் நடுத்தெருவில் மலம் அள்ள வேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்தால், அதற்கும் அவருக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். ஸ்கூப்பரின் முதற்பயன் இந்த இடைவெளிதான். அள்ளுவது இரண்டாம் பயன்.

கருவி அமெரிக்காவிலிருந்து, பெட்டியில் பாதாம் பருப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வருகிறது. இப்போது இணையக் கடைகளிலும் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஆனால் பெட்டியில் வந்ததற்கே மதிப்பு. கைப்பிடியில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் கோலின் வழியே ஓடும் கம்பி இழுபட்டு, கீழே உள்ள தகடுகள் விரியும். கையைத் தளர்த்தினால் சுருள்வில் அவற்றை மூடிவிடும். தகடுகளின் விளிம்பில் பற்கள் இருக்கும், உட்புறத்தில் ஒரு பையைப் பொருத்திக்கொள்ளலாம். சில வகைகளில் இரவு நடைக்கான சிறு விளக்கும் உண்டு. புல்வெளி வைத்த வீட்டுக்காரர்களுக்காக முறமும் வாரியும் சேர்ந்த வேறொரு வகை இருக்கிறது. அது சென்னையில் பரவவில்லை. புல்வெளி இல்லாததைவிட, அதைத் தூக்கிக்கொண்டு போனால் துப்புரவுப் பணியாளர் என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். கோல்வகை அந்தச் சந்தேகத்துக்கு இடம் தருவதில்லை. முந்தைய தலைமுறை மிராசுதார் வெள்ளிப்பூண் கைத்தடியைப் பிடித்த பாணியிலேயே இதையும் பிடித்து நடக்கலாம்.

பயன்படுத்தும் முறையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. வாருக்கு ஒரு கை, விசைக்கு ஒரு கை, பையைப் பொருத்த இரண்டு கை என்று மொத்தம் நான்கு கைகள் தேவைப்படுகின்றன. காரியம் முடிந்ததும் நாய் ஆடாமல் அசையாமல் நிற்கும் என்ற நம்பிக்கையின் மேல் இக்கருவி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நாய் முடித்த மறுகணம் பின்னங்காலால் மண்ணை வாரி இறைக்கும், அல்லது காருக்கடியில் பூனையைக் காணும். தமிழ்க் குடும்பங்களில் நாயோடு பேசும் மொழி ஆங்கிலம் என்பதால், உட்காரும்வரை "கமான் ப்ரூனோ, குட் பாய்" என்று போய்க்கொண்டிருந்த உரையாடல் இந்தக் கட்டத்தில் "டேய், நில்றா! சனியனே, நில்றான்னா!" என்று தாய்மொழிக்குத் திரும்புகிறது.

அடுத்தது தரை. தார்ச்சாலையில் கெட்டியானது மட்டுமே முழுதாக வரும். இளகியதைக் கருவி அள்ளுவதில்லை, நீட்டிப் பூசுகிறது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. ஆயினும் பாலில் ஊறிய மேரி பிஸ்கட் தின்று வளராத நாய் சென்னையில் குறைவு. ஆகவே இளகியதே பெரும்பான்மை. குடியிருப்பு வளாகங்களில் பதித்துள்ள இன்டர்லாக் கற்களின் இடுக்கு இன்னும் மோசம். மேலே இருப்பது பைக்குள்ளும், மீதி இடுக்குக்குள்ளும் போகும். எலியட்ஸ் கடற்கரை மணலில் நேர்மாறாக, தேவைக்கு மேல் அரைக் கிலோ வந்து சேரும். உப்புக் காற்றில் சுருள்வில் துருப்பிடித்ததும், தகடுகள் மூடிய பிறகு திறப்பதில்லை, அல்லது திறந்த பிறகு மூடுவதில்லை. இரண்டாவது, வீட்டுக்குத் திரும்பும் வழியில் லிஃப்டுக்குள் நிகழும்.

அப்பா வாசிப்புப் பழக்கம் உள்ளவர். நாய் உருளைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளிவந்து, மண்ணில் சில வாரங்களில் நோய் பரப்பும் நிலையை அடைந்து, பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும் என்பதும், மண்ணில் விளையாடும் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இவை உண்மை. உடனே அள்ளச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. ஆனால் ஸ்கூப்பர் இல்லாமல் நாயை நடத்திவருகிறவர்களிடம் மட்டுமே அவர் இதை விளக்குகிறார். 

செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து, அவை 1,893 முறை மலம் கழித்த திசையைக் குறித்துவைத்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் வடக்கு தெற்காக நிற்பதையே விரும்புகின்றன என்று 2013இல் வெளியிட்டதும் அவருக்குத் தெரியும். அந்த ஆய்வு மறு ஆண்டு இக் நோபல் பரிசு பெற்றது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. அப்பாவின் வாட்ஸ்ஆப் குழுவில் முதற்பகுதி நிகழ்வதில்லை. "நம்ம முன்னோர்கள் சும்மாவா சொன்னாங்க" என்ற வரியோடு செய்தி நேராக அடுத்த குழுவுக்குப் போகிறது. முன்னோர்கள் சொன்னதாகக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தது வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்பது மட்டுமே. என்றாலும், கைபேசியில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நாய் குந்தும்வரை காத்திருக்கும் அப்பாக்கள் உண்டு.

கருவி இயங்குவது பார்வையாளரைப் பொறுத்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் பால்கனிக்கு நேர் கீழே, பள்ளிப் பேருந்துக்குத் தாய்மார்கள் காத்திருக்கும் வாசலில், அள்ளும் சடங்கு குறைவின்றி நடக்கும். மின்மாற்றிக்குப் பின்னால், காலி மனையில், தெருவிளக்கு எரியாத திருப்பத்தில் கோல் வெறுமனே உடன் வரும். ஸ்கூப்பரே இல்லாதவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நாய் உட்கார்ந்ததும் அவர்கள் கைபேசியை எடுத்துக் காதில் வைத்து, மறுமுனையில் யாரும் இல்லாமலே "சொல்லுங்க, சொல்லுங்க" என்று சொல்லியபடி நகர வேண்டியிருக்கிறது. கையில் கோல் உள்ளவர் நிமிர்ந்து நிற்கலாம். கண்காணிப்புக் கேமராக்கள் வந்த பிறகு காலி மனைகளின் மவுசு கூடியிருக்கிறது.

நியூயார்க்கில் சட்டம் கட்டாயப்படுத்தித்தான் மக்கள் அள்ளத் தொடங்கினர். அந்த மாநிலச் சட்டம் 1978 ஆகஸ்ட் 1 அன்று நடப்புக்கு வந்தது. நான்கு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு மட்டும் பொருந்தும்படி எழுதப்பட்டது. இந்தியாவில் வேறு ஓர் ஆவணம் உண்டு. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய விலங்குகள் நல வாரியம் நெடுங்காலம் சென்னை திருவான்மியூரில் இயங்கியது. அது 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மத்திய அல்லது மாநிலச் சட்டம் இல்லாதவிடத்துக் குடியிருப்போர் சங்கங்கள் ஸ்கூப்பரைக் கட்டாயமாக்கவோ அபராதம் போடவோ முடியாது, அள்ளுமாறு கேட்டுக்கொள்ளலாம் என்கின்றன. சங்கத்துக்கு எதிராகச் சட்டம் பேச வாய்ப்புக் கிடைத்த எந்த ஓய்வுபெற்ற அதிகாரியும் அதை விடுவதில்லை. பொதுக்குழுவில் அபராதத் தீர்மானம் வரும் நாளில், கோப்புறையில் அந்த வழிகாட்டுதல்களின் மூன்று நகல்களோடு அப்பா எழுவார். ஸ்கூப்பரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று வாதாடுகிறவர் அந்த வளாகத்திலேயே ஸ்கூப்பர் வைத்திருக்கும் ஒரே மனிதர் என்பது குறிப்பேட்டில் பதிவாவதில்லை.

அள்ளியதை என்ன செய்வது என்பதில்தான் இவ்வகையினரின் அறிவுத்திறன் முழுதும் செலவாகிறது. கருவியோடு வந்த மக்கும் பைச் சுருள் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடும். கேரி பேக் உள்ளிட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அதன் பிறகு மனைவி கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரருக்காகச் சேர்த்துவைக்கும் பால் கவர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கும். அதைப் பற்றிய விசாரணை தனி. பை எதுவானாலும் முடிச்சுப் போட்டாகிறது. எந்தத் தொட்டி? மக்கும் குப்பை பச்சையில், மக்காதது நீலத்தில் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி.

"இன்னா சார் இது, மக்குறதா மக்காததா?" என்று தூய்மைப் பணியாளர் அம்மா கேட்பார்.

பதினாயிரம் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதிய அப்பா யோசித்து, "உள்ள இருக்கறது மக்கும்மா. வெளிய இருக்கறதுதான் மக்காது" என்பார்.

"அப்ப பிரிச்சுக் குடு சார்."

விதிப்படி அந்தம்மா சொல்வதுதான் சரி. அன்றிலிருந்து பை சுற்றுச்சுவரின் மேலோ, வேப்பமரத்தின் அடியிலோ இருட்டோடு இருட்டாக வைக்கப்படும். காலையில் அதை எடுத்துப் போடுவது அதே அம்மா. அவர் கையில் ஸ்கூப்பர் கிடையாது.

கருவியை விட எளிய முறை ஒன்று உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. பையைக் கையுறையாக மாட்டிக்கொண்டு, எடுத்து, உட்புறம் வெளியே வரும்படி உருவி, முடிச்சுப் போட வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் ஆகாது. வளாகத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஏதாவது ஒரு பெண், "தாத்தா, இவ்ளோதான்" என்று தன் நாய்க்குச் செய்துகாட்டி விட்டுப் போவாள். அப்பாக்களில் ஒரு பகுதியினர் சில மாதங்களில் இம்முறைக்கு மாறிவிடுகின்றனர். கை சூட்டை உணரும் முதல் நாள் கடினம் என்றும், அப்புறம் பழகிவிடும் என்றும் சொல்கிறார்கள். சிலர் அதற்குப் பிறகு சாப்பிட்ட தட்டைத் தாமே எடுக்கத் தொடங்கியதும் உண்டு. எல்லோரும் அல்ல. மாறியவர்களும் ஸ்கூப்பரை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. அது இல்லாமல் நடந்தால் வெறும் நாய் நடத்துபவர் ஆகிவிடுவார்கள்.

விசை முழுதும் இறுகிய பிறகு கருவி பால்கனிக்கு வருகிறது. வீட்டு வேலைக்கு வருகிற பெண் அதைத் தொட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருப்பார். மேல்மாடியிலிருந்து சன்ஷேடில் விழும் துணிக் கிளிப்புகள், எதிர்வீட்டுப் பையனின் ஷட்டில் காக் ஆகியவற்றை எடுக்க அது உதவுகிறது. அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமான நீளம். இதற்குள் மகன் அடுத்த விடுமுறைக்கு விளக்கு வைத்த புதிய மாடலோடு வந்துவிடுவதால், பழையது குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் படத்தோடு விற்பனைக்கு வரும். "வெளிநாட்டுத் தயாரிப்பு, அதிகம் பயன்படுத்தாதது" என்று கீழே எழுதியிருக்கும். ஐந்தாவது மாடியில் குட்டி வாங்கி இரண்டு வாரமான வீட்டிலிருந்து, கல்லூரியில் படிக்கும் மகன் விலை கேட்பான்.