மீனிங் இருக்கு சார்

விஸ்காம் இறுதியாண்டு வந்தால் வகுப்புக்கு ஒரு கேமராமேன் அவதரிப்பார். கேமரா இரவல். 50 எம்.எம். லென்ஸ் மட்டும் சொந்தம். இரண்டு கை விரல்களையும் செவ்வகமாகச் சேர்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களை ஃப்ரேமுக்குள் பிடித்துப் பார்ப்பார். அவர்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் டியூப்லைட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ஃப்ளாட் லைட்டிங்ப்பா" என்று அணைத்துவிடுவார். அப்பா இருட்டில் செருப்பைத் துழாவுவார். 'நாயகன்' (1987) படத்தில் பி.சி. ஸ்ரீராம் பாதி முகத்தை நிழலில் விட்டதைப் பற்றி அப்பாவுக்கே வகுப்பு நடக்கும். மீதிப் பாதிக்கு ஸ்ரீராம் என்ன பாடுபட்டு வெளிச்சம் வைத்திருப்பார் என்ற பாடம் மட்டும் இன்னும் வரவில்லை.

படம் எப்படியோ முடிந்துவிடும். மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டி, தாடி வைத்த நண்பன். மைக் கிடைக்காததால் மௌனம். மேதைமை வெளிப்படுவது அதற்கப்புறம்தான். ஒவ்வொரு ஷாட்டையும் ஏன் இப்படி வைத்தாய், லைட்டை ஏன் அப்படிப் போட்டாய் என்று ரிப்போர்ட் எழுதித் தரவேண்டும் அல்லவா?

நண்பனின் தலையில் ஒரு தென்னைமரம் முளைத்திருக்கும். எடுக்கும்போது ஒருவரும் கவனிக்கவில்லை. ரிப்போர்ட்டில் அது "வேர்களைத் தேடும் மனிதன்". நம் ஊர்க் கரண்டு 50 சைக்கிள். ஷட்டரை 1/50-இல் வைத்திருந்தால் தொல்லையில்லை. இவர் 1/60-இல் வைத்ததால், ஹாஸ்டல் வராந்தா டியூப்லைட் திரையில் பட்டைபட்டையாக ஊரும். "காலம் அவனைக் கடந்து செல்கிறது." லென்ஸை 1.8-க்கு முழுசாகத் திறந்துவிட்டதில் ஃபோகஸ் விரற்கடை அளவுகூட நிற்காது. நண்பன் லேசாக அசைந்தான். காது பளிச், கண் கலங்கல். "கேட்கிறான், ஆனால் பார்க்க மறுக்கிறான்." ஜன்னல் வெயில் 5600 கெல்வின், குண்டு பல்பு 3000-க்குக் கொஞ்சம் குறைவு. ஒயிட் பேலன்ஸ் பார்க்காததால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். "இருமனம்." 180 டிகிரிக் கோட்டைத் தாண்டியதில், எதிரெதிரே முறைத்துக்கொள்ள வேண்டிய இருவரும் ஒரே பக்கம் பார்த்து வேறு யாரையோ முறைப்பார்கள். அதற்கு ஒன்றரைப் பக்கம்.

வைவாவுக்கு வந்தவர் பழம் தின்று கொட்டை போட்டவர். "சுவத்துல தெர்மாகோல் பிடிச்சிட்டிருக்கிற பையனோட நிழல் விழுதே தம்பி, அது என்ன?"

"மனசாட்சி சார்."

"மனசாட்சி செல்போன் நோண்டுதே?"

நியாயமாகச் சொன்னால், படத்தில் உருப்படியாக ஒரு ஷாட் உண்டு. அடுப்படி ஜன்னலோரம் அம்மா. காலை வெளிச்சம் ஒரு பக்கம். மறுபக்கம் நிழல் கறுத்துப்போகாமல் தாங்கிப்பிடிக்க ஃப்ரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மாகோல்.

"அப்படியே நில்லும்மா!"

"சாம்பார் அடிபிடிக்குதுடா, எருமை!"

திரும்பிய அந்த முகத்தில் வெளிச்சம் அவ்வளவு இதமாக விழுந்திருந்தது. 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காக ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பி சுப்ரதா மித்ரா கொண்டுவந்ததும் இந்த இதத்தைத்தான். ரிப்போர்ட்டில் அந்த ஷாட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. விளக்கம் எழுதும்படி அதில் எதுவும் தப்பாகவில்லையே!

பாஸாகிவிட்டார். முதல் தொழில்முறை வாய்ப்பு மாமா பெண் கல்யாணம். முகூர்த்தத்தில் மணப்பெண்ணைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்தி, இடப்பக்கத்தை முழுக்க நிழலுக்குக் கொடுத்து, மனமுருகி எடுத்தார். ஆல்பத்தைப் புரட்டிய அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"பொண்ணு பாதிதானேப்பா வந்திருக்கா. மீதிக்குத் தனியாக் காசா?"