பையில் இல்லை, வயிற்றில்!

கேள்வி: காயடித்த குதிரை என்று வாங்கினோம். விதைப்பை காலி. ஆனால் பெட்டைக் குதிரையைக் கண்டால் கனைத்துக்கொண்டு பாய்கிறதே?

பதில்: பையில் இல்லாதது வயிற்றில் இருக்கலாம்! குட்டி பிறக்கும் சமயத்தில் விரைகள் வயிற்றிலிருந்து கவட்டுக் குழாய் வழியாகப் பைக்கு இறங்க வேண்டும். சில குட்டிகளுக்கு ஒன்று உள்ளேயே தங்கிவிடும். உடம்புச் சூட்டில் அது விந்தணுவை உருவாக்காது. டெஸ்டோஸ்டிரோனை மட்டும் விடாமல் சுரக்கும். பிள்ளை பிறக்காது, மாப்பிள்ளை முறுக்கு குறையாது! இறங்கியதை மட்டும் எடுத்துவிட்டு, காயடித்தாயிற்று என்று விற்பது பெரிய அநியாயம். வாங்கியவர் உதை வாங்குவார், குதிரை சவுக்கடி வாங்கும்.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹார்மோன் ஊசி போட்டு, முன்னும் பின்னும் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்தது லேப்ராஸ்கோப்பி. பெரும்பாலும் குதிரையைப் படுக்கவைக்கக்கூட வேண்டாம். அரை மயக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருக்கும். விலாவுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளை வழியே கேமராவை நுழைத்தால், சிறுத்துத் தொளதொளத்த விரை குடலோரம் தென்படும். ரத்தக் குழாயை அடைத்து வெட்டி எடுத்துவிடுவார்கள். முறுக்கு அடங்கச் சில வாரங்களாவது ஆகும். அதுவரை அடிக்காதீர்கள், பெட்டைகளோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.