ஊர் மாற்றிய எடைக்கல்

எண்பதுகளில் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குள் வந்த அழகான முகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூடத்துச் சுவரில் காலண்டர் லட்சுமி. குளியலறை மாடத்தில் சோப்பு உறையில் ஒரு நடிகை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வந்து, நாலு வீடு சுற்றி, முனை மடங்கிப்போன வார இதழின் அட்டையில் இன்னொரு நடிகை. வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’. அவ்வளவுதான்.

இவற்றில் காலண்டர் எங்கள் ஊருக்குச் சொந்தமானது. தெய்வப் படங்களால் புகழ்பெற்ற ஓவியர் கொண்டையராஜு கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1976இல் அவர் மறைந்த பிறகும் அவருடைய சீடர்களின் ஓவியங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தேவியருக்கு வட்ட முகம், உருண்ட தோள், சதைப்பிடிப்பான கைகள். நிறம் மட்டும் ரோஜா கலந்த வெளுப்பு. கரிசல் காட்டில் களையெடுத்து, பருத்தி பறித்து, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்த எங்கள் பெண்களில் அந்த நிறத்தில் ஒருத்தியும் இல்லை. ஆனாலும் அழகு என்றால் அதுதான் என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஒல்லி. பெரியம்மா மகள் அக்கா பூசினாற்போல இருப்பாள். ஒரே வீட்டில் வளர்ந்த எங்கள் இருவரையும் நிறுத்திவைத்து ஒப்பிடுவது வருகிற உறவினர்களுக்கெல்லாம் வழக்கம். “ஏட்டி, வீட்டுல சோறு போடுறாங்களா இல்லையா? எலும்பை எண்ணிரலாம் போலிருக்கே. அக்காவைப் பாரு, எப்படி மகாலட்சுமி கணக்கா இருக்கா!” என்பாள் அத்தை. பள்ளியில் எனக்கு ‘ஓமக்குச்சி’ என்று பெயர். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வெந்தயக் கஞ்சியும் எனக்கென்று தனியாகத் தயாராகும். தாவணி போட்ட புதிதில் உடம்பு பருமனாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே இரண்டு பாவாடை கட்டிக்கொண்டு போவேன்.

சினிமாவும் அப்போது அத்தையின் கட்சியில்தான் இருந்தது. 1991இல் ‘சின்னத்தம்பி’ வந்தது. அதில் நடித்த குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். பூப்போல உப்பிய இட்லிக்கு அவர் பெயர் வந்தது. கன்னம் உப்பியிருப்பதும் கை திரண்டிருப்பதும் செழிப்பின் அடையாளமாக இருந்த காலம் அது. மழை பொய்த்த வருடங்களைப் பார்த்த ஊர் சதையை மதித்ததில் ஒரு நியாயமும் இருந்தது.

பிறகு ஐந்தாறு வருடங்களுக்குள் எல்லாம் தலைகீழானது. 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 1993இல் சன் டிவி வந்தது. கேபிள் கம்பி எங்கள் தெருவிலும் மாடிக்கு மாடி தாவியது. 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியானார், ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். இடுப்பளவை அங்குலத்தில் சொல்லும் பேச்சு முதன்முறையாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் வந்தது. 1997இல் சிம்ரன் தமிழுக்கு வந்தார். மெல்லிய இடை, ஒட்டிய வயிறு. அதுவே இலக்கணமாயிற்று.

நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். என் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எலும்பும் தோலும் என்று என்னைக் கேலிசெய்தவர்களின் தங்கைகள், “எப்படிக்கா இப்படி ஸ்லிம்மா இருக்கீங்க?” என்று கேட்டார்கள். அதே நேரத்தில், மகாலட்சுமியாக இருந்த அக்கா ஒரு பிள்ளை பெற்று, ‘குண்டு’ ஆகியிருந்தாள். அவள் இரவுச் சாப்பாட்டை விட்டாள். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது பின்வரிசையில் போய் நின்றாள். என் உடம்பும் அவள் உடம்பும் செய்த குற்றமும் இல்லை, சாதனையும் இல்லை. தராசில் ஊர் எடைக்கல்லை மாற்றிப் போட்டது. பதினைந்து வயதில் நான் அழுத அழுகையை அவள் இருபத்தைந்து வயதில் அழுதாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதைப் பின்னாளில் பிஜித் தீவைப் பற்றிப் படித்தபோது அறிந்தேன். அங்கும் திடகாத்திரமான உடம்புதான் அழகு. நன்றாகச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதுதான் அன்பு. அந்நாட்டின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அப்போதும் 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். உணவுப் பழக்கத்தில் கோளாறு இருக்கக்கூடும் என்று வினாத்தாளில் தெரியவந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதம் ஆகியிருந்தார்கள். எடை குறைக்கத் தாங்களாகவே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதலில் ஒருவரும் இல்லை. மூன்றே ஆண்டுகளில் அது 11.3 சதவீதம். தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு ரசனையை மாற்ற மூன்று வருடத் தொலைக்காட்சி போதுமாக இருந்தது. அந்த எண்களுக்குள் நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

ஒல்லியும் பருமனும் இடம் மாறிக்கொண்டன. நிறம் மட்டும் இடம் மாறவே இல்லை. இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார்கள். டச்சப் செய்பவர் ஜன்னலோரம் நெகட்டிவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கூர்சீவிய பென்சிலால் அதில் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழ் இருந்த கருமை போயிற்று, கன்னத்துத் தழும்பு போயிற்று. வந்த படத்தைப் பார்த்து வீடே மகிழ்ந்தது. சித்தி மட்டும் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், “போட்டோவுல கொஞ்சம் கலரா இருந்துச்சே” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விளம்பரங்கள் இந்தக் காயத்தை நன்கு அறிந்திருந்தன. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. மாநிறப் பெண்ணுக்கு வரன் அமையாது, வேலை கிடைக்காது. சில வாரம் கிரீம் பூசுவாள், எல்லாம் கிடைக்கும். கதை இவ்வளவுதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவுக்குக் கண்ட சாஷே வழி, நாளடைவில் முகக்கிரீமுக்கும் ஆகிவந்தது. டப்பா வாங்க முடியாத பிள்ளைகளும் சில ரூபாய்க்குச் சிவப்பழகை வாங்க முடிந்தது. 1998இல் சென்னை நிறுவனமான கெவின்கேர், குங்குமப்பூவின் பெயரைச் சொல்லி ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கும் வீடுகளில் அது புதுச் செய்தியாகவே படவில்லை. 2005இல் ஆண்களுக்கான கிரீமும் வந்துவிட்டது.

எதிர்ப்பும் இருந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடியதால், 2003இல் இத்தகைய விளம்பரங்கள் சில நிறுத்தப்பட்டன. 2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேல் நடத்தும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2014இல் விளம்பரத் தர நிர்ணய மன்றம், கறுத்த நிறத்தைத் தோல்வியோடு முடிச்சுப் போடக் கூடாது என்று விதி வகுத்தது. பருக்களை மறைக்காமல் ‘பிரேமம்’ படத்தில் நடித்த சாய் பல்லவி, பின்னாளில் பெருந்தொகைக்கு வந்த சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்தார். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. ஷாதி டாட் காம் நிறவாரியாக வரன் தேடும் வசதியை நீக்கியது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. நான் அதை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் பெயர் மாறிய பிறகும் கடையில் பிள்ளைகள் அதே நம்பிக்கையோடுதான் கேட்கிறார்கள். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காப்பதும் அதுவே. பிறவியில் வந்த நிறத்தைப் பாதுகாப்பாக மாற்றித்தரும் கிரீம் எதுவும் இல்லை. சீக்கிரம் வெளுக்கவைக்கும் சிலவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கும். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும், பருக்களைக் கிளப்பும், முடி வளரவைக்கும். நிறுத்தினால் முகம் எரியும். அதனால்தான் 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணையிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் விழித்ததும் போனில் பார்க்கும் முகங்களுக்குக் கணக்கில்லை. போன விடுமுறையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “சித்தி, என் மூக்கு ரொம்பப் பெருசா? இதுக்கு ஆபரேஷன் இருக்காமே?”

அவளை உட்காரவைத்து ஒரு விஷயத்தைச் சொன்னேன். ஒரு அடி தூரத்தில் நீட்டிப்பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு உண்மையைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாக விழும். அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டு வெளியிட்டது இது. ஐந்தடி தள்ளி எடுத்தால் அந்தக் கோளாறு அநேகமாக இருக்காது. போனைச் சுவரலமாரியில் சாய்த்துவைத்து, தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தோம். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “அப்போ மூக்கு இல்ல சித்தி, கேமராதான்” என்றாள். பிறகு, “ஆனா ஃபில்டர் போட்டா இன்னும் நல்லாருக்கே” என்றாள்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் காலத்தில் அழகு இன்னொருத்தியின் முகம். அவள் நடிகை, பம்பாய்க்காரி, நமக்கு எட்டாதவள் என்று சொல்லிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடலாம். டச்சப் செய்த படம்கூடக் கவரில் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். ஃபில்டர் அப்படி இல்லை. அது அவளுடைய சொந்த முகத்தையே எடுத்து, மூக்கைச் சுருக்கி, நிறத்தை வெளுத்து, பேசும்போதும் சிரிக்கும்போதும் கூடவே அசைத்துக் காட்டுகிறது. அவள் தோற்றுப்போவது தன்னிடமே.

இந்தத் தீங்கு சமூக ஊடகங்களை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். 2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களில், பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடம்பைப் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்ற குறிப்பு இருந்தது. தெரிந்தும் ஓடவிட்டார்கள் என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. எங்கள் தலைமுறைக் கதாநாயகனுக்கு வயிறு இருந்தால் யாரும் கவலைப்படவில்லை. 2008இல் ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யா சிக்ஸ் பேக்கோடு வந்தார். தெருவுக்குத் தெரு ஜிம் வந்தது. உடற்பயிற்சி நல்லது. ஆனால் படப்பிடிப்பு நாளுக்காக உப்பையும் தண்ணீரையும் குறைத்து, உடம்பை வற்றவைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து அந்தக் கட்டுகளைக் காட்டும் வழக்கம் சினிமாவில் உண்டு என்று பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. என் தம்பி மகன் மூன்று மாதத்தில் அந்த வயிறு வரவில்லை என்று சட்டையைக் கழற்றவே கூச்சப்படுகிறான். “அத்தை, எனக்கு ஜீனே சரியில்ல” என்கிறான். அவனுக்குப் பதினேழு வயது.

சட்டம் வேண்டும். பிரான்சில் 2017 முதல், விளம்பரங்களில் மாடலின் உடலைக் கணினியில் மெலியவைத்தோ பெருக்கியோ காட்டினால், படம் திருத்தப்பட்டது என்று அதிலேயே எழுத வேண்டும். நார்வேயும் அதே வழியில் சட்டம் செய்திருக்கிறது. இங்கும் அப்படி எழுதவைக்க வேண்டும். பள்ளியில் உயிரியல் வகுப்பில் மெலனினைப் பற்றிச் சொல்லும் நாளிலேயே கிரீம் விளம்பரத்தையும் எடுத்துவைத்துப் பேச வேண்டும். பிள்ளை திடீரென்று சாப்பாட்டைத் தவிர்த்தால், சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், வெயிலுக்கு வரவே மறுத்தால், திட்டாமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அது வீம்பு இல்லை, நோயின் தொடக்கமாக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீடு மாற வேண்டும். அத்தையின் பேச்சு திரையிலிருந்து வரவில்லை. திரைதான் அத்தையின் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தது. நிறத்தின் இலக்கணம் இத்தனை எதிர்ப்புக்குப் பிறகும் நிற்பதற்கு, சாதியும் கல்யாணச் சந்தையும் அதற்கு முட்டுக் கொடுப்பதே காரணம். பெண் பார்க்கப் போகும்போது, “கலரா?” என்று முதலில் கேட்பது எந்தக் கம்பெனியும் இல்லை, நாம்தான். அதனால் அக்காவும் நானும் எங்கள் வீட்டில் ஒரு முடிவு செய்திருக்கிறோம். பொங்கலுக்கு வரும் பிள்ளைகளை வாசலில் பார்த்ததும் ‘மெலிஞ்சுட்டே’, ‘கறுத்துட்டே’, ‘வெயிட் போட்டுட்டே’ என்று யாரும் சொல்லக் கூடாது. என்ன படிக்கிறாய், என்ன விளையாடுகிறாய், எது உன்னைச் சிரிக்கவைத்தது என்று கேட்க வேண்டும். வரன் பேசும் வீட்டில் நிறத்தைக் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

ஐந்தாறு வருடத்துக்குள் ஒல்லி இழிவிலிருந்து பெருமையாக மாறியதை என் உடம்பிலேயே பார்த்தவள் நான். பணமும் விளம்பரமும் அதைச் செய்ய முடிந்ததென்றால், அன்பும் உறுதியும் உள்ள மனிதர்களால் நிறத்தின் இலக்கணத்தையும் மாற்ற முடியும். அதற்கு இன்னொரு தலைமுறை அழுது முடிக்கும்வரை நாம் காத்திருக்கக் கூடாது.