ஒட்டுக்கேட்டு ஓர் ஆய்வு

1879-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்றுக்குப் பெரிய சந்தேகம்: டெலிபோன் என்கிற இந்த வஸ்து நம்மூரில் எடுபடுமா? சாட்சி சொல்ல வந்தவர் தபால் இலாகாவின் மின் நிபுணர் வில்லியம் பிரீஸ். அமெரிக்காக்காரனுக்கு வேலையாள் கிடைப்பதில்லை, பாவம், அவனுக்கு வேண்டும். நமக்குத்தான் சேதி கொண்டுபோகப் பையன்கள் ஏராளமாக இருக்கிறார்களே என்றார். தன் ஆபீசிலும் ஒரு டெலிபோன் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பார்வைக்குத்தான் என்று வேறு சேர்த்துக்கொண்டார். ஆக, டெலிபோனின் சமூக விளைவை அறிய எடுபிடிப் பையன்களை எண்ணினால் போதும்.

ஆராய்ச்சி என்றால் 1909-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர டெலிபோன் மேனேஜர் ஒருவர் செய்ததுதான் ஆராய்ச்சி. வீட்டு இணைப்புகள் உள்ள எக்ஸ்சேஞ்சில், நேராக லைனிலேயே காதை வைத்துவிட்டார். கேட்டதோடு நின்றிருந்தால் அது வம்பு. சதவீதம் போட்டதால் ஆய்வாகிவிட்டது. கடைகண்ணிக்கு ஆர்டர் 20 சதவீதம். வீட்டிலிருந்து தங்கள் சொந்தத் தொழிலிடத்துக்கு 20. விருந்து, விசேஷத்துக்கு அழைப்பு 15. வெறும் வெட்டி அரட்டை 30! கூட்டிப் பார்த்தால் 85-தான் வருகிறது. மீதியில் என்னதான் பேசினார்களோ? கதை சூடுபிடித்த இடத்தில் மனுஷர் பென்சிலைக் கீழே வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

ஒரு அழைப்பு சராசரியாக ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடியதாம். மேனேஜருக்கு வயிறு எரிந்தது. எரியாதா? அப்போது பல ஊர்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தக் கட்டணம். வாடிக்கையாளர் நாள் முழுக்க நாத்தனாரை வறுத்தெடுத்தாலும் கம்பெனிக்குக் காலணா கூடுதலாக வராது. நேர வரம்பு வை, ஜனங்களுக்குப் புத்தி சொல் என்று கிளம்பினார்.

1926-இல் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்கச் சங்கம் தன் கூட்டங்களில் விவாதிக்கக் கேள்விகள் தயாரித்தது. டெலிபோன் மனிதனைச் சுறுசுறுப்பாக்குகிறதா, சோம்பேறியாக்குகிறதா? குடும்ப வாழ்வைக் குலைத்து, நண்பர் வீட்டுக்குப் போய்வரும் பழக்கத்தை ஒழிக்கிறதா? விடை கிடைத்ததோ இல்லையோ, பேச்சாளர்களுக்குப் பொழுது போயிருக்கும்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் பெல் டெலிபோன் கம்பெனிக்கே ஞானோதயம் வந்துவிட்டது. உற்றார் உறவினரோடு போனில் பேசி மகிழுங்கள் என்று காசு கொடுத்து விளம்பரம் போட்டார்கள். சியாட்டில்காரர் குற்றப்பத்திரிகையாக எழுதிய அந்த 30 சதவீதத்தைத்தான், டெலிபோன் வந்து அரை நூற்றாண்டு யோசித்த பிறகு, விற்பனைச் சரக்காக்கிக் கடை விரித்தார்கள்.