நாவின் சமயப் பூசல்: பெல்ஜிய பீர் அடியார்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒருவர் தமக்குப் பிடித்த பெல்ஜிய பீரின் பெயரைச் சொல்கிறார். எதிரே இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு, "நல்ல பீர்தான், ஆனா…" என்று தொடங்குகிறார். இத்தொடரில் "நல்ல பீர்தான்" என்பது அசைநிலை. அதற்குப் பொருள் கொள்ளற்க. "ஆனா"வுக்குப் பின்னால் வருவன யாவும் இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்கும். பேசுகிறவர்கள் பிரஸ்ஸல்ஸ்காரர்களாகவோ, கெண்ட் நகரத்தாராகவோ, அங்கே போய்வந்த வெளியூர்க்காரர்களாகவோ இருக்கலாம். நோய் ஒன்றே.

முன்னோர் செய்தவை சில உண்டு. யுனெஸ்கோ 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. எந்த பீர் சிறந்தது என்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பன்னாட்டு அமைப்பு நடத்துகிறவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் வேண்டும். அதற்கு வெகு காலம் முன்பே துறைக்கு அடிக்கல் நாட்டியவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்லர், 2007-இல் மறைந்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர். பெல்ஜிய பீர்களைப் பற்றி 1991-இல் ஒரு முழு நூல் எழுதி, அதுவரை உள்ளூர்க்காரர்கள் மட்டும் போட்டுக்கொண்டிருந்த சண்டையில் உலகத்தாரும் கலந்துகொள்ள வழிசெய்தார்.

இனி வகைப்பாடு. நிறம், வலிமை, மாவட்டம் என்று ரசிகர்களைப் பலவாறு பிரித்துப் பார்த்ததில் எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது சைவ சித்தாந்தம். பிற சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக அடுக்கிய அந்த முறை, பெல்ஜிய மதுக்கடைக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது.

அகச்சமயம் டிராப்பிஸ்ட். ஓர்வால், ஷிமே, ரோஷ்ஃபோர், வெஸ்ட்மாலே, வெஸ்ட்விளெட்டரன் ஆகிய மடங்களின் பீர் இதில் அடங்கும். மடத்தின் எல்லைக்குள் வடிக்க வேண்டும், துறவிகளின் மேற்பார்வை இருக்க வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். இவை இருந்தால் 1997-இல் அமைந்த பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கம் ஓர் அறுகோண முத்திரை தரும். அகெல் மடத்தில் துறவிகள் இல்லாமற்போகவே, 2021-இல் அதன் பீர் முத்திரையை இழந்தது. முத்திரை போன அன்று கொப்பரைக்குள் எதுவும் மாறவில்லை. அகெலைப் பற்றிப் பேசும் அடியார்களின் குரலில் மட்டும் ஒரு துக்கம் ஏறிக்கொண்டது. முத்திரைக்கும் ஒரு சுவை உண்டு என்பது இதனால் பெறப்படும்.

அகப்புறம், லெஃப் போன்ற 'மடத்து பீர்கள்'. பெயரும் படமும் மடத்துடையவை. வடிப்பது பெரிய கம்பெனி. இவற்றைக் குடிப்பவர்களை அகச்சமயத்தார் பகைப்பதில்லை. பரிதாபப்படுகிறார்கள். அடுத்தது புறம்: பிசாசின் பெயரைத் தாங்கிய டூவெல், இளஞ்சிவப்பு யானையைச் சின்னமாகக் கொண்ட டெலிரியம் ட்ரெமென்ஸ். பின்னது, குடி முற்றியவர் அதை நிறுத்தும்போது வரும் நடுக்கசன்னிக்கு மருத்துவர்கள் இட்ட பெயர். எச்சரிக்கை வாசகத்தையே வணிகப் பெயராக வைத்துக்கொண்ட நேர்மை வேறெந்தத் தொழிலிலும் இல்லை. புறப்புறம் லாம்பிக்; அதற்குத் தனியே வருவோம்.

நான்கிலும் சேராத உலகாயதர் ஒரு கூட்டம் உண்டு. பெல்ஜியத்தில் மிக அதிகமாக விற்பது ஜூப்பிலேர் என்ற சாதாரண லாகர் பீர். இதைக் குடிப்பவர்கள் யாரோடும் வாதிடுவதில்லை. தாகம் எடுக்கிறது, குடிக்கிறார்கள், கால்பந்து பார்க்கிறார்கள். ஆராய்ச்சிக்குச் சற்றும் பயன்படாத மக்கள்.

சமயத்துக்குச் சமயம் நடக்கும் சண்டையைவிட ஒரே சமயத்துக்குள் நடப்பது உக்கிரமானது. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றப் படியேறிய மரபினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அகச்சமயத்தின் தலையாய வழக்கு மேற்கு ஃபிளாண்டர்ஸில், ஹாப்ஸ் கொடி விளையும் ஒரு சிறு வட்டாரத்தில் நடக்கிறது. வாதி: வெஸ்ட்விளெட்டரன் கிராமத்துச் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்தின் 12 என்ற பீர், 10.2 சதவீதம் ஆல்கஹால். பிரதிவாதி: பக்கத்திலுள்ள வாட்டூ கிராமத்துச் செயின்ட் பெர்னார்டஸ் ஆலையின் அப்ட் 12, 10 சதவீதம்.

வழக்கின் வரலாறு இது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இல், வியாபாரச் சந்தடி வேண்டாம் என்று மடம் தன் பெயரில் பீர் வடித்து விற்கும் உரிமையை வாட்டூக்காரர்களுக்குக் கொடுத்தது. மடத்தில் வடித்துக்கொண்டிருந்தவரே செய்முறையையும் ஈஸ்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். துறவிகள் தங்களுக்கும், வாசலுக்கு வருபவர்களுக்கும், அக்கம்பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்கும் போதுமான அளவு மட்டும் வடித்தார்கள். 1992-இல் ஒப்பந்தம் முடிந்தது. வாட்டூவில் பீர் அப்படியே தொடர்ந்தது, மடத்தின் பெயர்தான் இல்லை. மடமோ இப்போது வெஸ்ட்மாலே மடத்திலிருந்து ஈஸ்ட் தருவித்து வடிக்கிறது. வாட்டூ ஆலை, நாங்கள் அந்தப் பழைய ஈஸ்டைத்தான் இன்றும் வளர்க்கிறோம் என்கிறது.

ஆகவே, மடமும் துறவிகளும் ஓரிடத்தில். பழைய ஈஸ்டின் வாரிசு வேறோரிடத்தில். எது அசல்? ஈஸ்ட்தான் பீர் என்பார் வாட்டூ பக்கம். இடமும் பிரார்த்தனையும் இன்றி ஈஸ்ட் வெறும் பூஞ்சை என்பார் மடத்துப் பக்கம். அற்றன்று, தண்ணீரே காரணம் என்று மூன்றாமவர் ஒருவர் எல்லா மேசையிலும் இருக்கிறார். அவருக்கு யாரும் மறுமொழி சொல்வதில்லை.

வாங்கும் முறையையும் சாட்சியத்தில் சேர்க்க வேண்டும். அப்ட் 12 கடையில் கிடைக்கும். காசு கொடுத்தால் போதும். மடத்து பீருக்கு முன்பதிவு வேண்டும். வெகு காலம் அது தொலைபேசியில் நடந்தது. அந்த எண் கிடைப்பதே ஒரு தவம். காரின் பதிவு எண்ணைத் தர வேண்டியிருந்தது, குறித்த நேரத்துக்குப் போக வேண்டியிருந்தது, அளவாகத்தான் தந்தார்கள், மறுவிற்பனை செய்யக்கூடாது. பாட்டிலில் சீட்டுகூட ஒட்டாமல் வெறும் மஞ்சள் மூடியோடு பல்லாண்டு வந்தது. 2005-இல் ரசிகர்களின் தரவரிசை ஒன்று இதை உலகின் தலைசிறந்த பீர் என்று அறிவித்ததும், மடத்துச் சாலையில் கார்கள் வரிசை கட்டின. வேறு யாராக இருந்தாலும் இன்னொரு கொப்பரை வாங்கிப் போட்டிருப்பார்கள். துறவிகள் மறுத்துவிட்டார்கள். வாழ்வதற்காக வடிக்கிறோம், வடிப்பதற்காக வாழவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. உலகின் மிக வெற்றிகரமான விளம்பர உத்தி, விளம்பரமே வேண்டாதவர்களுக்கு வாய்த்தது.

இங்கேதான் இவ்வாய்வாளரின் துணிபு முன்வைக்கப்படுகிறது. உறைப்பு, புளிப்பு, உவர்ப்பு முதலாகிய ஆறோடு ஏழாவதாக ஒரு சுவை உண்டு. அது நாவில் இல்லை, வழியில் இருக்கிறது. ஒரு பீரின் மதிப்பு அதைப் பெறப் பட்ட பாட்டோடு நேர் விகிதத்திலும், எதிரே இருப்பவர் அதைக் குடித்திருக்கும் வாய்ப்போடு எதிர் விகிதத்திலும் மாறும்.

சான்று உண்டா எனின், உண்டு என்க. அமெரிக்க ஆய்வாளர்கள் அலிசனும் ஊலும் 1964-இல் வெளியிட்ட சோதனையில், தினமும் தாங்கள் விரும்பிக் குடிக்கும் பீரைச் சீட்டில்லாத பாட்டிலில் கொடுத்தபோது குடிப்பவர்களால் அதைப் பொதுவாக இனங்காண முடியவில்லை. சீட்டை ஒட்டியதும் அவரவர் பீர் அவரவருக்கு உயர்ந்துவிட்டது. பிரான்சில் 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுக்க, ஒயின் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். எல்லாவற்றிலும் அழகானது லீ, ஃபிரெடரிக், ஏரியலி மூவரின் 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை. பீரில் சில சொட்டு பால்சாமிக் வினிகரை விட்டுக் கொடுத்தார்கள். விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் பலர் சாதாரண பீரைவிட இதுவே தேவலை என்றார்கள். குடிக்கும் முன்பே சொல்லப்பட்டவர்கள் முகம் சுளித்தார்கள். குடித்த பிறகு கேள்விப்பட்டவர்களோ தங்கள் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளவில்லை. காது முந்திக்கொண்டால் நாக்கு அதன் பின்னால் போகிறது. நாக்கு முந்திக்கொண்டால் காதுக்கு அதிகாரமில்லை.

இரண்டு 12-களையும் கண்ணைக் கட்டிக் குடிக்கவைத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. நடைமுறைத் தடை ஒன்றே. மடத்து பாட்டிலைப் பாடுபட்டுக் கொண்டுவந்தவர், அதை எது என்று தெரியாதபடி ஊற்றுவதற்குச் சம்மதிப்பதில்லை.

மடம் 2011-இல் கட்டடப் பணிக்கு நிதி வேண்டி, ஒரு முறை மட்டும் தன் பீரை பெல்ஜியத்து சூப்பர் மார்க்கெட் வழியே விற்றது. சோப்புத்தூள் அடுக்கைத் தாண்டித் தள்ளுவண்டியில் எடுத்து வந்த 12-க்கும், வயல்வெளி கடந்து மடத்து வாசலில் வாங்கிய 12-க்கும் சுவை ஒன்றுதானா என்று சோதிக்க அதைவிட நல்ல தருணம் இனி வராது. கல்வி உலகம் தூங்கிவிட்டது.

புறப்புறத்துக்கு வருவோம். மற்ற பீர்களில் ஈஸ்டை மனிதர் சேர்க்கிறார். லாம்பிக்கில் காய்ச்சிய மால்ட் நீரை மாடியிலுள்ள அகன்ற ஆழமற்ற தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிட்டு, காற்றிலும் கட்டடத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் வந்து இறங்கக் காத்திருப்பார்கள். பிறகு மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இளையதையும் மூத்ததையும் கலந்தால் கூஸ். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் நடக்கும் கான்டியோன் ஆலையில் சிலந்திவலையைக் கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். ஒட்டடை அடிக்காததற்கு இதைவிட மதிப்பான காரணம் மனித வரலாற்றில் இல்லை.

இந்தச் சமயத்தாரின் கலைச்சொற்கள் வெளியாளைக் கலங்கடிக்கும். குதிரைமேல் போர்த்திய கம்பளி, தொழுவம், ஈரத்தோல் என்பன இங்கே பாராட்டுரைகள். கேலி செய்வதற்கில்லை. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் உண்டாக்கும் எத்தில்பீனால்கள் உண்மையிலேயே அந்த வாடையைத் தருபவை. மற்ற பெல்ஜிய பீர்களில் வாழைப்பழ மணத்துக்கு ஐசோஅமைல் அசிட்டேட்டும், கிராம்பு மணத்துக்கு வினைல்குவாயகாலும் பொறுப்பு. மணம் உண்மை. "எனக்குத் தெரிகிறதே, உனக்குத் தெரியவில்லையா?" என்று கேட்கும்போது புருவம் உயர்வதற்குத்தான் வேதியியலில் விளக்கமில்லை.

இடைப்பிறவரலாக ஒன்று. ஹூகார்டன் ஊரில் அழிந்துபோயிருந்த கோதுமை வெள்ளை பீரை 1960-களின் நடுவில் மீட்டெடுத்தவர் பியர் செலிஸ் என்ற பால்காரர். அதில் போடுவது ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும். வெளிநாட்டு ரசிகர்கள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "ஏதோ கீழை நாட்டு வாசனை" என்று தேடிக்கொண்டிருக்கும்போது, தனியா வறுத்த வீட்டில் வளர்ந்தவர் ஒரே முகர்வில் சொல்லிவிடுவார். சொன்னாலும் மதிப்பெண் கிடைக்காது. அது மிக எளிதாகச் சொல்லப்பட்டுவிட்டது.

ஓர்வாலின் சிக்கல் வேறு. 6.2 சதவீதமுள்ள இந்த பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது மேற்படி பிரெட்டனோமைசிஸையும் சேர்க்கிறார்கள். அது உள்ளே தன் வேலையைத் தொடர்கிறது. புதிதில் ஹாப்ஸின் கசப்பும் மணமும் மேலோங்கும்; மாதங்கள் செல்லச் செல்ல அது தணிந்து, வறண்டு, தொழுவத்தை நோக்கி நகரும். ஆகையால் "ஓர்வால் எனக்குப் பிடிக்கும்" என்பது முற்றுப்பெறாத வாக்கியம். எத்தனை மாதத்து ஓர்வால் என்று உடனே கேட்பார்கள். இளையது, மூத்தது என்று இருவகையும் வைத்திருக்கும் கடைகளே உண்டு. தர்க்க நூலார் கண்டு மகிழ வேண்டிய நிலை: இருவரும் ஒரே பீரைப் பற்றி எதிரெதிராகச் சொல்கிறார்கள், இருவரும் உண்மையே சொல்கிறார்கள், சான்றுப் பொருளை இருவருமே குடித்துவிட்டார்கள்.

கோப்பை பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு பீருக்கும் உரிய கோப்பை உண்டு. மாற்றி ஊற்றினால் பரிகாரமில்லை. க்வாக் பீரின் கோப்பை அடியில் உருண்டு, மரத் தாங்கியின்றி நிற்காது. கெண்டிலுள்ள டுல்லே கிரீட் கடையில் அவர்களுடைய பெரிய கோப்பையைக் கேட்டால் ஒற்றைச் செருப்பையோ ஷூவையோ அடமானமாக வாங்கிக் கூடையில் போட்டு உத்தரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஒற்றைக் காலில் ஷூவோடு அமர்ந்திருப்பவர் சொல்லும் சுவைக் கருத்துக்கு என்ன எடை தருவது என்பதை அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் தீர்மானிக்கட்டும்.

முறையியலில் ஒரு பெருங்குறை உண்டு. பெல்ஜியம் 1919-இல் வான்டர்வெல்டே சட்டத்தால் மதுக்கடைகளில் சாராய வகைகளை விற்கத் தடை விதித்தது. 1983 வரை அது நீடித்தது. வலுவான பானத்துக்கு ஏங்கியவர்களுக்காக பீர்கள் வலுவேறின என்பர். விளைவு, ரோஷ்ஃபோர் 10-இல் 11.3 சதவீதம் ஆல்கஹால். (பெயரிலுள்ள எண் ஆல்கஹாலின் அளவன்று, காய்ச்சிய நீரின் அடர்த்திக்குரிய பழைய பெல்ஜியக் கணக்கு. இதை அறியாத புதியவரைத் திருத்துவதில் அடியார்கள் அடையும் இன்பம், பீர் தரும் இன்பத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.) அளக்கும் கருவியை அளக்கப்படும் பொருளே பழுதாக்கும் துறை இது. முதல் கோப்பையில் "எனக்கென்னவோ" என்று தொடங்கும் வாக்கியம், மூன்றாவதில் "உலகத்துக்கே தெரியும்" என்று தொடங்குகிறது. பீர் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, எழுவாய் மட்டும் பெருத்துவிட்டது.

இனி எஞ்சியது, இவ்வாய்வாளரின் சொந்தத் தேர்வு. மேலே சொன்ன சீட்டு மயக்கம், வழிச்சுவை, சாயம், வினிகர் எவையும் என் விஷயத்தில் செல்லா. பச்சை மூடி போட்ட ரோஷ்ஃபோர் 8-தான் உலகிலேயே சிறந்த பீர். 10 நல்ல பீர்தான், ஆனா தித்திப்பு ஒரு படி தூக்கல். அது பிடிக்கிறது என்பவர்கள் நீல மூடியைக் குடிக்கிறார்கள், பீரையன்று. ஐயமிருப்பவர் இரண்டையும் ஒவ்வொரு பாட்டில் எடுத்துக்கொண்டு வரலாம். 8 என்னிடம் தீர்ந்துவிட்டது.