கருவைக்காட்டுக்குள் மினி டிராக்டர்

எங்கள் பக்கம் நிலம் சுத்தமாக இருந்த காலத்தில் டிராக்டரின் முகம் இரும்பாக இருந்தது. நிலமெல்லாம் முள்ளாகிப்போன இந்தக் காலத்தில் அது பிளாஸ்டிக்காகிவிட்டது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரத்தில் தரிசைத் திருத்தி மறுபடி வெள்ளாமை வைக்கப் பார்க்கும் யாரிடம் பேசினாலும், பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: கருவைக்குள்ளே வண்டியை விட்டேன், ரேடியேட்டர் போயிருச்சு.

எண்பதுகளில் எங்கள் ஊருக்கு ஒரே டிராக்டர். மாஸி பெர்குசன் 1035. பெரியவீட்டுக்காரர்கள் வாங்கியது, ஊரே வாடகைக்கு எடுத்து உழுதது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. முன்பக்கம் கனத்த வார்ப்பு, அதற்குமேல் தடித்த தகடு. அது போதாதென்று பரமக்குடி பட்டறை ஒன்றில் இரும்புச் சேனலை வெட்டி ஒரு பம்பரும் அடித்து மாட்டியிருந்தார்கள். அந்தப் பம்பர்மேல் ஒரு கிளைகூட மோதி நான் பார்த்ததில்லை. மோதுவதற்கு என்ன இருந்தது? புஞ்சையில் மிளகாயும் சோளமும் குதிரைவாலியும் நின்றன. கருவை என்று நாங்கள் சொல்லும் சீமைக்கருவேலம் கண்மாய்க்கரையிலும் வேலியிலும்தான் இருந்தது. அங்கேயும் அதை யாரும் வளரவிடவில்லை. எல்லா வீட்டிலும் விறகு அடுப்பு. பொம்பளைகள் விடியற்காலையிலேயே அரிவாளோடு கிளம்பிவிடுவார்கள். வண்டிப்பாதையில் கிடக்கும் சுள்ளிகூட மிஞ்சாது.

அந்த வண்டியை ஓட்டியவரை நாங்கள் டிரைவர் மாமா என்போம். எவ்வளவு அவசரமானாலும் தெரியாத வயலுக்குள் நேராக வண்டியை இறக்க மாட்டார். இறங்கி, ஒரு சுற்று நடந்து, கல், தூர், கிணற்று மேடு எல்லாம் எங்கே என்று பார்த்துக்கொண்டு வந்துதான் கியரைப் போடுவார். களத்தில் நெல் சூடடிக்கும்போது ரேடியேட்டருக்கு முன்னால் பழைய கொசுவலையை மடித்துக் கட்டுவார். வைக்கோல் தூசி அதில் படிந்துகொண்டே வரும். சுற்றுக்கு நடுவே இறங்கி உதறிக் கட்டுவார். "இதுக்கு மூச்சு முட்டுச்சுன்னா நமக்குச் சோறு இல்லடா மாப்ள" என்பார். ரேடியேட்டரைப் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அதுதான். அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பிறகு மழை பொய்த்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அடுப்புக்குக் கேஸ் வந்தது. விறகு பொறுக்குவது நின்றது. ஆடு மாடு கருவை நெற்றைத் தின்று, சாணியிலும் புழுக்கையிலும் விதையைப் போட்டுக்கொண்டே போனது. 1877-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கக் கண்டத்து மரம், ஆள் இல்லாத எங்கள் புஞ்சைகளைத் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டது. கரிமூட்டம் போடுகிறவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை வந்து வெட்டுகிறார்கள். அதைப் பிழையென்று சொல்ல மாட்டேன். மானாவாரி பொய்த்த வருஷங்களில் எத்தனையோ வீட்டில் உலை கொதித்தது அந்தக் கரியால்தான். ஆனால் தூரை விட்டுவிட்டு வெட்டினால் கருவை சாகாது. ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டு கிளம்பும்.

டிராக்டருக்கு எமன் அந்தப் புதர்தான், பெரிய மரம் இல்லை. நெடிய மரம் என்றால் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போகலாம், ஆளை வைத்து அறுக்கலாம். வெட்டித் துளிர்த்த கருவை இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்துக்குப் பிரம்பாக வளைகிற தண்டுகளைக் கும்பலாக விடும். ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் வரை முள். நடுவிலே, இலைக்குள் மறைந்தபடி, முன்பு அரிவாளால் சாய்வாக வெட்டிய பழைய தூர் ஈட்டிபோல் நிற்கும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும் கண்மாய்களில் ஜேசிபி இறங்கியது. பலர் தங்கள் தரிசையும் திருத்த ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். ஜேசிபி வந்து பெரிய தூர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். மணிக்கணக்குக்கு வாடகை என்பதால் பொடியை விட்டுவிடும். மிச்சத்தை முடிக்க வேண்டியது சொந்த வண்டி. இரண்டு மூன்று ஏக்கர்க்காரன் 45 குதிரைத்திறன் வண்டி வாங்க முடியாது. ஆகவே 15, 18, 24 குதிரைத்திறனில் மினி டிராக்டர். ஒன்றும் குறைசொல்ல முடியாத வண்டி. குறுகிய பாதையில் போகும், டீசல் கொஞ்சமாகக் குடிக்கும், மிளகாய்ப் பாத்திக்குள் திரும்பும். முக்கால் டன்னுக்கு அக்கம்பக்கம் எடை இருப்பதால் நிலமும் இறுகாது.

ஆனால் அது தாழ்ந்த வண்டி. 1035-ன் அச்சில் வந்து மோதும் கிளை, மினியில் நேராக முகத்துக்கு வருகிறது. முகம் என்பது பல வண்டிகளில் பிளாஸ்டிக் கிரில், அதன் இரண்டு ஓரத்திலும் கண்ணாடிபோன்ற விளக்கு. கிரிலுக்குப் பின்னால் ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல் ரேடியேட்டர். என் சித்தப்பா மகனுடைய வண்டியில் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு புதரை அச்சால் அமுக்கிக்கொண்டு மெதுவாகத்தான் போனான். அமுங்கிய தண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒன்று விடுபட்டு விசிறி எழும்பியது. கிரிலின் கிளிப் உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்திப் பார்த்தால் விரல் பருமன் குச்சி ஒன்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போய், குழாயில் குத்தி நிற்கிறது. பச்சைக் கூலண்ட் சொட்டுச் சொட்டாகப் பொட்டல் மண்ணில் விழுந்தது. வெளியிலிருந்து வரும் அடிக்கு வாரண்டி இல்லை என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். புது ரேடியேட்டர் வந்து சேர்வதற்குள் விதைப்புக்கு வந்த ஈரம் காய்ந்துவிட்டது. அந்த வருஷம் அந்த நிலம் சும்மாதான் கிடந்தது. மானாவாரிக்காரனுக்கு உதிரிபாகத்தின் விலை இரண்டாவது நஷ்டம். முதல் நஷ்டம் அந்த ஈரம்.

குச்சி குத்துவது கண்ணுக்குத் தெரியும். இலை செய்கிற வேலை தெரியாது. கருவை இலை கொழுந்துப் புளியிலையைவிடப் பொடி. புதரை உலுக்கினால் கொட்டும். ஃபேன் அதை இழுத்து ரேடியேட்டரில் ஒட்ட வைக்கும். கூடவே கரிசல் புழுதி. அரைமணி நேரத்தில் பாதி ரேடியேட்டர் பச்சைக் கம்பளி போர்த்திக்கொள்ளும். காற்று போகாமல் எஞ்சின் கொதிக்கும். காய்ந்த இலை சைலன்சர் பக்கம் சேர்ந்தால் தீயே பிடிக்கலாம்.

ஆகவே முன்காப்பு என்று ஒன்றை அடிக்கும்போது கம்பி வலுவாக இருந்தால் மட்டும் போதாது. இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் அண்ணன் ஒருவர். சித்தப்பா மகன் வண்டிக்கு அவர் கார்டு அடித்தபோது கூடவே இருந்தேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார். வண்டியில் வெல்டிங் வைத்தால் மின்சாமான் போய்விடும். பிறகு வண்டியிலேயே வெல்டிங் வைக்கப்போவதில்லை என்றார். முன்பக்க வார்ப்பில் பற்றவைத்தால் அது விரிசல் விடும். கம்பெனியே முன்னெடைக் கட்டி மாட்டுவதற்காக விட்டிருக்கும் துளைகளில், 6 மில்லிமீட்டர் பட்டையைப் போல்ட் போட்டு இறுக்கினார். அந்தப் பட்டையிலிருந்துதான் ஒன்றரை அங்குலக் குழாயில் சட்டம் எழும்பியது. பானெட்டிலோ அச்சிலோ எதையும் தாங்க வைக்கவில்லை. அச்சு நடுவிலே ஊசலாடுகிற சாமான். அதில் கட்டினால் கார்டும் சேர்ந்து ஆடி, கிரிலை அதுவே உடைக்கும்.

சட்டத்தைக் கிரிலிலிருந்து ஒரு சாண் முன்னே தள்ளி வைத்தார். வளைந்து வரும் குச்சி அந்த இடைவெளிக்குள் வேகத்தை இழக்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் பின்பக்கமாகச் சாய்த்தார், கிளை மாட்டிக்கொள்ளாமல் வழுகிப் போக. விளக்குகளுக்கு முன்னால் தனிச் சின்னக் கம்பி. சட்டத்துக்குள் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை மேலிருந்து செருகி எடுக்கும் பலகைபோல வைத்தார். கண் இதைவிடப் பெரிதாக இருந்தால் குச்சி நுழையும். கொசுவலைபோல் சிறுத்தால் இலை அடைத்துக்கொண்டு எஞ்சின் வேகும். நடுப்பகுதியைக் கீலில் மாட்டி, பானெட்டைத் திறக்கும்போது முன்னால் சாய்கிற மாதிரி செய்தார். திறக்கத் தொந்தரவாக இருந்தால் எவனும் தினமும் தண்ணீர் பார்க்க மாட்டான் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு.

மாட்டி முடித்ததும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடிக்கச் சொன்னார். ஒரு முன்சக்கரத்தை மட்டும் கல்மேல் ஏற்றி மறுபடி ஒடிக்கச் சொன்னார். டயர் எங்கேயும் உரசவில்லை என்று குனிந்து பார்த்த பிறகுதான் காசு வாங்கினார்.

அடிப்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய தூர் குத்துவது அங்கேதான்: ஆயில் சம்ப், வடிகால் போல்ட், பவர் ஸ்டியரிங் ஹோஸ், டை ராட் முனையில் இருக்கும் ரப்பர் உறை. நாலு சக்கர இழுவை வண்டி என்றால் முன்னச்சின் ஆயில் சீலில் பழைய கம்பியும் கொடியும் சுற்றிக்கொண்டு சீலை அறுக்கும். 5 மில்லிமீட்டர் தகட்டை முன்முனை மேல்நோக்கி வளைத்து, அச்சுக்குப் பின்னாலிருந்து சம்ப் வரை கொடுத்தால் வண்டி தூரின்மேல் வழுக்கிப் போய்விடும். தகட்டில் ஆயில் இறக்கவும் மண் உதிரவும் துளை வேண்டும். ஹோஸ்களுக்குப் பழைய டியூபை நீளவாட்டில் கிழித்துச் சுற்றிக் கட்டினால் போதும்.

கார்டைப் போல்ட்டில் மாட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே 2017-ன் டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வாகனங்களின் முன்னால் மாட்டும் புல் பார்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. சாலையில் நடந்துபோகிறவர்மேல் அந்தக் கம்பி மோதினால் உயிருக்கு ஆபத்து என்பது நியாயமான கவலை. காட்டுக்கான கவசத்தைக் காட்டில் மாட்டி, சந்தைக்குப் போகும்போது கழற்றி வைப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை.

கவசம் வந்ததும் சில பையன்கள் வண்டியைப் புல்டோசராக நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் டிரைவர் மாமாவின் நடை திரும்ப வர வேண்டும். புதருக்குள் முதலில் போக வேண்டியது அரிவாளோடு மனிதன். மணிக்கட்டு பருமனுக்கு மேல் உள்ள தண்டை வெட்டித் தள்ளிவிட்டு, தூர்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து அடையாளம் வைக்க வேண்டும். பெருந்தூர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் புல்டோசர் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்த வேலையை மினியின் தலையில் கட்டக்கூடாது. முதல் கியர், ஒரே சீரான வேகம். வெப்பமானி முள் மேலே ஏறத் தொடங்கினால் நிறுத்தி, வலையை உருவி உதற வேண்டும். ரேடியேட்டரை ஊதும்போது ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் இலை இன்னும் உள்ளே போய் அடைக்கும். வாட்டர் சர்வீஸ் பம்பின் வேகத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால் தகடுகள் மடங்கும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. ஓட்டுகிறவர் கண்ணுக்கும் ஒரு கண்ணாடி வேண்டும். கிரிலுக்குக் கவசம் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்துபோட்டு ஓட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சித்தப்பா மகன் நிலத்தில் இப்போது முண்டு மிளகாய் நிற்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டு. அந்த இடம் இருபது வருஷத்துக்கு மேல் கருவையாகக் கிடந்தது. அதை மீட்டது ஒரு சின்ன வண்டி. அந்த வண்டியைக் காப்பாற்றியது பட்டறையில் அடித்த குழாயும் வலையும் தகடும்.

டிராக்டர் கம்பெனிகள் இதைக் கேட்க வேண்டும். ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் விற்கிற மினி டிராக்டருக்கு இந்த முன்காப்பும் அடித்தகடும் வண்டியோடு வர வேண்டும். வண்ணச் சுவரொட்டியும் சாவிக்கொத்தும் எங்களுக்கு வேண்டாம். ரொட்டவேட்டருக்கும் கலப்பைக்கும் மானியம் கொடுக்கிற அரசு, இந்தக் கார்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அதுவரை, வாங்கப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முன்பணம் கட்டுவதற்கு முன் வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கிரிலுக்கும் ரேடியேட்டருக்கும் எவ்வளவு இடைவெளி, முன்னெடைத் துளைகள் எங்கே, சம்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாங்கிய பிறகு வண்டி கோயிலுக்குப் போகட்டும், அடுத்து பட்டறைக்குப் போகட்டும். காட்டுக்கு அதற்குப் பிறகு போகலாம்.