மரப்பெட்டித் தொலைபேசியில் பேச்சுக்குக் கிடைத்த இடம்: ஒரு முன்னாய்வு

தொலைபேசி பேசுவதற்கான கருவி என்றொரு கருத்து நெடுநாளாக உலவி வருகிறது. 1890களின் மர மேசைத் தொலைபேசியைத் திறந்து பார்த்தவர் எவரும் இதை ஏற்கமாட்டார். அது ஆளைக் கூப்பிடும் கருவி. கூப்பிட்டவர் வந்துவிட்டால், போனால் போகிறதென்று பேசவும் விடும்.

முதல் சான்று எடை. பெட்டியை அடைத்துக்கொண்டிருப்பது மாக்னெட்டோ: வரிசையாக நிறுத்திய லாட காந்தங்கள், நடுவே செம்புக்கம்பி சுற்றிய உருளை, பல்சக்கரம், வெளியே நீட்டிய கைப்பிடி. சுற்றினால் 70, 80 வோல்ட் அளவுக்கு மின்சாரம் பிறந்து, தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் அழைப்பைக் காட்டும் ஒரு சிறு தகட்டை விழவைக்கும். பேச்சுக்கோ 1.5 வோல்ட் லெக்லான்ஷே மின்கலம் ஒன்றிரண்டு போதும். அவற்றுக்குப் பெட்டிக்குள் இடம்கூடக் கிடைக்காமல், பெரும்பாலும் மேசைக்கடியில் கிடந்தன. மேளக்காரர் மணவறையில், மாப்பிள்ளை திண்ணையில்.

வரலாறும் நம் பக்கமே. 1876இல் தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் பேச்சை அனுப்பிவிட்டார். மறுமுனையில் ஆளை வரவழைக்கத்தான் வழியில்லை. பென்சிலால் கருவியின் அதிர்தகட்டைத் தட்டிப் பார்த்தார்கள். பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன் சுத்தியல் வைத்தார், ரீங்காரம் வைத்தார், 1878இல்தான் இரட்டைக் கிண்ண மணிக்கு வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டில் ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒலிவாங்கிக்குள் கரித்துகள்களை நிரப்பினார். குரல் நன்றாகப் போனது. நாளடைவில் துகள்கள் இறுகிக்கொண்டதால், பேசுமுன் ஒலிவாங்கியை ஒரு தட்டு தட்ட வேண்டியிருந்தது. பாதிரியார் இதற்கு எந்தப் பரிகாரமும் சொல்லவில்லை என்றே கொள்வோம்.

ஏன் மரம்? மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் என்பார் ஒரு சாரார். வரவேற்பறை நாற்காலிக்குப் பொருந்த வேண்டும் என்பதால் என்பார் மறு சாரார். வால்நட் பலகைக்கு ஏற்றிய மெருகைப் பார்த்தால் பின்னவர் சொல்வதே சரி.

பேசி முடித்ததும் மறுபடி கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இல்லையேல் முடிந்ததே எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. பேச்சு நிற்பதற்கும் மணியின் தயவு!

பின்னர் மின்கலம் எக்ஸ்சேஞ்சுக்கே குடிபெயர்ந்தது. மாக்னெட்டோ போனது, கைப்பிடி போனது, மேசைமேல் மெலிந்த தண்டொன்று மட்டும் நின்றது. மணியைப் போகச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அதற்குச் சுவரில் தனியாக ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார்கள், மரத்திலேயே.